கடல் கடந்த தோட்டக்காரர்கள்

குளிர் காலம் வந்துவிட்டால் நம் இல்லங்களில் நீலகிரித் தைலக் குப்பி அலமாரியை விட்டு இறங்கித் தலைமாட்டுக்கு வந்துவிடும். மூக்கடைப்பு என்றால் கைக்குட்டையில் இரண்டு சொட்டு. தலைபாரம் என்றால் கொதிநீரில் நாலு சொட்டு விட்டு, போர்வைக்குள் புகுந்து ஆவி பிடித்தல். பெயரில் நீலகிரி இருப்பினும், அம்மரம் நீலகிரியில் பிறந்ததன்று. டாஸ்மேனியாத் தீவும், அதனையடுத்த ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குப் பகுதியுமே அதன் தாயகம். நம் மலைகளுக்கு அது வந்து சேர்ந்தது ஆங்கிலேயர் ஆண்ட 19ஆம் நூற்றாண்டில்தான்.

இத்தைலம் தரும் மரத்தை 1792ஆம் ஆண்டு டாஸ்மேனியாவின் தென்கரையில் கண்டு சேகரித்தவர் லாபிலார்டியேர் என்னும் பிரெஞ்சு அறிஞர். அதற்கும் பதினைந்து ஆண்டுகள் முன்னதாக, 1777 ஜனவரியில், அதே பகுதியிலுள்ள அட்வென்சர் விரிகுடாவில் ஆங்கிலக் கப்பல்கள் இரண்டு நங்கூரமிட்டன. அவற்றிலிருந்து கரையிறங்கிய ஒருவர் இக்குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு மரத்தின் கிளையைக் கொய்து, தாள்களுக்கிடையே வைத்து உலர்த்திக்கொண்டார். அக்கிளை லண்டன் அருங்காட்சியகத்தை அடைந்தது. அங்கே அதனைப் பார்த்த லெரித்தியே என்ற பிரெஞ்சு அறிஞர், 1788ஆம் ஆண்டு பாரிஸில் வெளியிட்ட தம் நூலில் அதற்கு ‘யூகலிப்டஸ்’ எனப் பெயர் சூட்டினார். ‘நன்கு மூடப்பட்டது’ என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். அம்மரத்தின் மொட்டு, மூடி போட்ட செப்பு போல இருப்பதால் வந்த பெயர்.

பெயர் சூட்டியவரைத் தாவரவியல் நூல்கள் மறவாமல் குறிப்பிடுகின்றன. கிளையைக் கொய்தவரோ ஒரு தோட்டக்காரர். டேவிட் நெல்சன் என்பது அவர் பெயர்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய அரசுகள் உலகை அளக்கக் கப்பல்களை அனுப்பின. அக்கப்பல்களில் தளபதி இருந்தார், விண்மீன்களைக் கணிப்பவர் இருந்தார், ஓவியர் இருந்தார், இயற்கையை ஆராயும் கனவான் இருந்தார். இவர்களுக்கெல்லாம் கீழே, பல வேளைகளில் ஒரு தோட்டக்காரரும் இருந்தார். கனவான் செடியைக் கண்டு லத்தீனில் குறிப்பெழுதுவார். அச்செடியை வேரோடு பெயர்த்து, மண் சேர்த்து, மாதக் கணக்கில் உப்புக் காற்றிலிருந்து காத்து, உயிரோடு ஊர் கொண்டு சேர்ப்பது தோட்டக்காரரின் பொறுப்பு. உலர்ந்த இலை செத்த பின்னும் அறிஞருக்குப் பயன்படும். உயிருள்ள கன்றுக்கோ ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் கணக்கு முடிந்துவிடும்.

இவ்வேற்பாட்டின் சூத்திரதாரி ஜோசப் பேங்க்ஸ் என்னும் செல்வந்தர். ஜேம்ஸ் குக்கின் முதற் பயணத்தில் (1768-1771) தம் சொந்தச் செலவில் உடன் சென்றவர். பின்னர் லண்டனுக்கு அருகிலுள்ள கியூ அரசத் தோட்டத்தின் ஆலோசகரானவர். பெரிய அறிஞர்களை விடத் தோட்டத்தில் மண் சுமந்து வளர்ந்தவர்களை அனுப்புவதே நலம் என்பதை அவர் கண்டுகொண்டார். அவர்களுக்குச் சம்பளம் குறைவு, சொன்னதைச் செய்வார்கள், செடியின் மனம் அறிந்தவர்கள். அவ்வாறு கியூவிலிருந்து முதன்முதல் அனுப்பப்பட்டவர் பிரான்சிஸ் மாஸன். 1772ஆம் ஆண்டு குக்கின் இரண்டாம் பயணக் கப்பலில் ஏறித் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் இறங்கினார். அவர் 1775ஆம் ஆண்டு கொண்டுவந்த பனை போன்றதொரு செடி, கியூவின் கண்ணாடி மாளிகையில் இன்றும் தொட்டியில் உயிரோடிருக்கின்றது. தொட்டிச் செடிகளில் உலகிலேயே வயது முதிர்ந்தது அதுவே என்பர்.

அமைதியான மனிதர்

நெல்சனின் பிறப்பு, பெற்றோர் பற்றி நூல்கள் அதிகம் பேசவில்லை. லண்டனில் நாற்றங்கால் நடத்திய ஜேம்ஸ் லீ என்பவர் அவரைப் பேங்க்ஸிடம் பரிந்துரைத்தார். குக்கின் மூன்றாம் பயணத்தில் (1776-1780) ‘டிஸ்கவரி’ கப்பலில் அவர் சென்றார். அக்கப்பலின் தளபதி கிளார்க் தம் கடிதத்தில், இத்துணை அமைதியான மனிதரைக் கண்டதில்லை என்னும் பொருள்பட எழுதியுள்ளார். நான்கு ஆண்டுக் கடல் வாழ்வில் நெல்சன் யாருடனும் சச்சரவிட்டதாகச் செய்தியில்லை. 1779 ஜனவரியில் ஹவாய்த் தீவின் எரிமலைச் சரிவில் ஏறிச் செடிகள் சேகரித்தார். உச்சியை அடைய முடியாமல் திரும்பினார். அதே தீவில், அடுத்த மாதமே குக் கொல்லப்பட்டார். தலைவர் இறந்த கப்பலில், தம் உலர்த்தாள்களைப் பத்திரமாகக் கட்டி வைத்துக்கொண்டு நெல்சன் ஊர் திரும்பினார்.

அவருக்கு இரண்டாவது அழைப்பு 1787ஆம் ஆண்டு வந்தது. அதுவே புகழ்பெற்ற ‘பவுண்டி’ கப்பல். அதன் தளபதி வில்லியம் பிளை. பசிபிக் பெருங்கடலிலுள்ள தாஹித்தித் தீவிலிருந்து ரொட்டிப்பழ மரக் கன்றுகளை எடுத்துச் சென்று, மேற்கிந்தியத் தீவுகளில் நடுவது கப்பலின் ஒரே பணி. நம் நாட்டில் சீமைப்பலா என்றும், இலங்கையில் ஈரப்பலா என்றும் வழங்கப்படும் மரம் அதுதான். தாஹித்தியில் வளர்ந்தது விதையில்லா வகை. விதையை முடிந்துகொண்டு வர வழியில்லை. வேரிலிருந்து முளைக்கும் கன்றுகளையே உயிரோடு சுமந்து வர வேண்டும்.

ஆகவே கப்பலே தோட்டமாக்கப்பட்டது. தளபதிக்குரிய பெரிய அறை செடிகளுக்கு ஒதுக்கப்பட்டது. தளபதி சிற்றறைக்கு மாறினார். அறையில் இரண்டாவதாக ஒரு பலகைத் தளம் அமைத்து, அதில் வட்ட வட்டமாகத் துளையிட்டு, 629 மண்தொட்டிகள் ஆடாமல் அமர வழி செய்தனர். அடித்தளத்தில் ஈயத் தகடு பதித்தனர். தொட்டிகளில் வடியும் தண்ணீர் அத்தகட்டின் மேல் ஓடி, மூலையிலுள்ள குழாய் வழியே கீழேயுள்ள பீப்பாயில் சேரும். அதனையே மீண்டும் செடிகளுக்கு ஊற்றலாம். வெளிச்சத்துக்கு மேலே திறப்புகள், காற்றுக்குப் பக்கவாட்டில் சாளரங்கள். குளிர்க் கடலில் அறையைச் சூடாக்க அடுப்பும் இருந்தது. ஒளூச் செய்த நீரையும் வாய்க்கால் வழி வாழைக்கும் தென்னைக்கும் விடும் பள்ளிவாசல்களை அறிந்த நமக்கு இவ்வேற்பாட்டின் அருமை எளிதில் விளங்கும்.

பேங்க்ஸ் எழுதிக் கொடுத்த கட்டளைகளும் சுவையானவை. நாய், பூனை, குரங்கு, ஆடு எதுவும் கப்பலில் அவிழ்த்து விடப்படக்கூடாது. எலிக்கும் கரப்பானுக்கும் நஞ்சு வைக்க வேண்டும். அவை பலகை இடுக்கில் செத்து நாறினால் மாலுமிகள் முறையிடக் கூடாது. இலையில் கடல் நீர்த்திவலை பட்டால் உடனே நன்னீரால் கழுவ வேண்டும். மனிதன் நாற்றத்தைச் சகிக்க வேண்டும். செடிக்கு உப்புப் படக்கூடாது. கப்பலில் யாருக்கு முதலிடம் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

நெல்சனுக்கு உதவியாளராக வில்லியம் பிரவுன் என்ற இளந்தோட்டக்காரரும் ஏறினார். 1787 டிசம்பரில் புறப்பட்ட கப்பல், வழியில் அட்வென்சர் விரிகுடாவில் தங்கியது. அங்கே ஆப்பிள் முதலிய கன்றுகளை நட்டனர். உண்ணப் போவது யாரென்று தெரியாமல் நட்டவை அவை. நான்காண்டுகள் கழித்துப் பிளை மீண்டும் வந்தபோது ஓர் ஆப்பிள் மரம் உயிரோடிருந்தது. 1788 அக்டோபரில் தாஹித்தியை அடைந்தனர். கன்றுகள் தொட்டியில் வேர் பிடிக்க ஐந்து மாதங்களுக்கு மேல் ஆயிற்று. தீவு மக்களும் கூடமாட உதவினர். வாடியதை எடுத்துவிட்டு வேறு வைப்பதும், நிழல் மாற்றுவதும் நெல்சனின் அன்றாடப் பாடு. 1789 ஏப்ரலில் புறப்படும்போது 774 தொட்டிகள், 39 தொட்டிப் பீப்பாய்கள், 24 பெட்டிகளில் 1015 ரொட்டிப்பழக் கன்றுகள் தளிர்விட்டு நின்றன.

மூன்றே வாரங்களில் எல்லாம் பாழாயிற்று. ஏப்ரல் 28 விடியலில் ஃபிளெட்சர் கிறிஸ்டியன் தலைமையில் மாலுமிகள் கலகம் செய்து, பிளையையும் அவரைச் சார்ந்தோரையும் 23 அடி நீளப் படகொன்றில் இறக்கிவிட்டனர். அப்படகில் இறங்கியவர்கள் 19 பேர். நெல்சன் அவர்களுள் ஒருவர். பிரவுன் கலகக்காரர்களுடன் கப்பலிலேயே நின்றுகொண்டார். ஒரே தோட்டத்தில் மண் வெட்டிய இருவர், ஒரே காலைப் பொழுதில் இரு வேறு பாதையில் பிரிந்தனர். 1015 கன்றுகளையும் கலகக்காரர்கள் கடலில் வீசினர்.

திறந்த படகில், ஒரு நாளைக்குச் சிறு துண்டு ரொட்டியும் கால் குவளைத் தண்ணீருமாக, 3600 கடல் மைல்களுக்கு மேல் கடந்து திமோர்த் தீவின் குப்பாங் துறையை 1789 ஜூன் 14 அன்று அடைந்தனர். வழியில் ஆஸ்திரேலியாவை ஒட்டிய சிறு தீவொன்றில் நெல்சன் கண் பார்வை மங்கி, தாகத்தால் துவண்டு, நடக்க இயலாமல் விழுந்தார். எனினும் உயிரோடு கரை சேர்ந்தார். கரை சேர்ந்த பின்னரே மரணம் அவரைத் தேடி வந்தது. ஜூலை 20 அன்று காய்ச்சலில் இறந்தார். அந்நேர்மையாளரின் இழப்பு தம் மனத்தை மிகவும் அழுத்துவதாகப் பிளை எழுதினார். கப்ரின் மேல் வைக்க ஒரு கல்லும் அவ்வூரில் கிடைக்கவில்லை என்றும் வருந்தினார். கடுஞ்சொல்லுக்குப் பேர்போன அத்தளபதி இவ்வாறு வருந்தியது சிந்திக்கத் தக்கது.

பிரவுனோ கலகக்காரர்களுடன் பிட்கேர்ன் என்னும் தனித்தீவில் ஒளிந்து வாழ்ந்து, 1793ஆம் ஆண்டு அங்கே மூண்ட சண்டையில் கொல்லப்பட்டார்.

நெல்சன் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. பிரான்சின் போதேன் என்ற தளபதியின் ஆய்வுக் கப்பல்கள் குப்பாங் துறைக்கு வந்தன. அக்கப்பலின் தலைமைத் தோட்டக்காரர் அன்செல்ம் ரீட்லே. காய்ச்சலும் கழிச்சலும் கண்டு அவர் 1801 அக்டோபர் 21 அன்று அங்கேயே மாண்டார். அவரை எங்கே அடக்குவது என்ற கேள்வி எழுந்தபோது, போதேன் தேர்ந்த இடம் நெல்சனின் கப்ருக்கு அருகே. அப்போது இங்கிலாந்தும் பிரான்சும் பகை நாடுகள். கடலெங்கும் ஒன்றன் கப்பலை மற்றது சூறையாடிக்கொண்டிருந்த காலம். ஒருவர் மொழி மற்றவர் அறியாத இரு தோட்டக்காரர்கள், இரு நாட்டுக்கும் சொந்தமில்லாத மண்ணில் அருகருகே அடங்கினர். ரீட்லேயின் உதவியாளர் சோத்தியே அடுத்த மாதமே கடலில் இறந்தார். மற்றோர் உதவியாளரான கிஷனோ மட்டும் இறுதி வரை நின்று சேகரித்தார்.

எதற்காக இந்தப் பாடு?

இவ்விடத்தில் ஒரு வினாவைக் கேட்காமல் கடந்து செல்ல என்னால் இயலவில்லை. ரொட்டிப்பழத்தை உலகின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஏன் கொண்டு செல்ல வேண்டும்? பள்ளிப் பாடநூல்கள் இதனைத் துணிவுக் கதையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன.

மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட இலட்சக்கணக்கான அடிமைகள் உழைத்தனர். நல்ல நிலமெல்லாம் கரும்புக்கே போய்விட்டதால், அவர்களின் உணவில் ஒரு பகுதி வட அமெரிக்காவிலிருந்து வந்தது. அமெரிக்க விடுதலைப் போரால் அவ்வரவு தடைப்பட்டது. புயல்களும் சேர்ந்துகொண்டன. 1780 முதல் சில ஆண்டுகளில் ஜமைக்காவில் மட்டும் பட்டினியாலும் அதனால் வந்த நோயாலும் 15,000 அடிமைகள் மடிந்ததாக அத்தீவின் சட்டமன்றக் குழுவே கணக்கிட்டது. செலவின்றி மரத்தில் காய்க்கும் உணவொன்று கிடைத்தால் அடிமைகளுக்கு எளிதாகப் படியளக்கலாமே என்று தோட்ட முதலாளிகள் கருதினர். அதற்காகத்தான் கப்பல், அதற்காகத்தான் ஈயத் தகடும் 629 தொட்டிகளும். பசித்தவனுக்கு உணவு என்பது உண்மை. அவனை அடிமையாகவே வைத்துக்கொண்டு அளக்கும் உணவு என்பதும் உண்மை.

அவ்வடிமைகளுள் நம் சகோதரர்களும் இருந்தனர் என்பதை மறந்துவிடலாகாது. அபூபக்கர் சித்தீக் என்பவர் சுமார் 1790ஆம் ஆண்டு திம்புக்துவில், கல்வியாளர் குடும்பத்தில் பிறந்தவர். திருக்குர்ஆன் ஓதிக் கற்றவர். போரொன்றில் சிறைபிடிக்கப்பட்டு, விற்கப்பட்டு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜமைக்காவில் இறக்கப்பட்டார். தோட்டக் கணக்குகளை அவர் அரபு எழுத்தில் எழுதி வந்தார். 1834ஆம் ஆண்டு விடுதலை பெற்ற அவர், தம் வரலாற்றை அரபியில் எழுதி வைத்தமையால் நமக்குத் தெரிய வருகிறார். எழுதி வைக்க வாய்ப்பில்லாதோர் எத்தனை ஆயிரம் பேர் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

‘ஆகவே நெல்சனின் உழைப்பும் பாவமா?’ என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். நிய்யத்தைப் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்த வேளை அது. மரம் நடுவதையும், அதில் பறவை உண்டாலும் தர்மம் என்பதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமிருந்து கற்ற சமுதாயத்தின் பிள்ளை கேட்கும் கேள்விதான். தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட கன்றுகளை அமானிதமாகக் காத்த மனிதர் ஒரு பக்கம். அக்கன்றுகளின் நிழலில் கணக்குப் போட்ட முதலாளிகள் மறு பக்கம். அனுப்பியவர்களின் பொறுப்பைச் சுமந்தவர் தலையில் வைப்பது நீதியாகப்படவில்லை என்றே நான் சொன்னேன். ஆனால் பேங்க்ஸை மேதை என்று மட்டும் எழுதிவிட்டுப் போகும் நூல்களை இப்போதெல்லாம் முன்போல் நிறைவோடு படிக்க முடிவதில்லை.

செடிக்கு நீர், மனிதனுக்குத் துளி

முதற் பயணம் தோற்றதும் ஆங்கில அரசு ஓய்ந்துவிடவில்லை. 1791 ஆகஸ்டில் அதே பிளையின் தலைமையில் ‘பிராவிடன்ஸ்’ புறப்பட்டது. இம்முறை தோட்டக்காரர்கள் ஜேம்ஸ் வைல்ஸ், கிறிஸ்டோபர் ஸ்மித் என இருவர். தாஹித்தியில் 2126 ரொட்டிப்பழக் கன்றுகளை ஏற்றினர். இத்தனைக்கும் நன்னீர் வேண்டுமே! தண்ணீர் தட்டுப்பட்ட நாட்களில் மாலுமிகளுக்கு அளந்து ஊற்றினர். செடிகளுக்கு மட்டும் குறைக்கவில்லை. அக்கப்பலில் மேத்யூ பிளிண்டர்ஸ் என்ற இளைஞர் பயிற்சி அதிகாரியாக இருந்தார். தோட்டக்காரர் வாளியில் தண்ணீர் சுமந்து படியேறும்போது சிந்தும் துளிகளை, தாமும் தோழர்களும் படியில் படுத்து நாவால் நக்கியதாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

அத்தனை பாடுபட்டும் 1793 ஜனவரி, பிப்ரவரியில் செயின்ட் வின்சென்ட், ஜமைக்காத் தீவுகளில் உயிரோடு இறங்கிய ரொட்டிப்பழக் கன்றுகள் 678. ஜமைக்காவின் சட்டமன்றம் பிளைக்கு 1000 கினி பரிசளித்தது. வைல்ஸ் கன்றுகளுடனேயே ஜமைக்காவில் தங்கிவிட்டார். பாத் என்னுமிடத்துத் தோட்டம் அவர் பொறுப்பில் விடப்பட்டது. தாஹித்தியிலிருந்து கப்பலில் ஒளிந்து வந்த பாபோ என்ற தீவு இளைஞரும் அவருடன் நின்றார். மரத்தின் இயல்பைப் பிறந்தது முதல் அறிந்தவர் அக்கூட்டத்தில் அவர் ஒருவரே. ஆனால் அவர் அதிக நாள் வாழவில்லை. தம் ஊர் மரங்கள் வேர் பிடித்த அந்நிய மண்ணிலேயே இறந்தார்.

பசிக்காக இத்துணை செலவில் கொண்டுவரப்பட்ட பழத்தை அடிமைகள் முதலில் விரும்பி உண்ணவில்லை! தமக்குப் பழகிய வாழைக்காயையே நாடினர். தலைமுறைகள் சென்ற பின்னரே அது அம்மக்களின் சொந்த உணவாயிற்று. இன்று செயின்ட் வின்சென்ட் நாட்டின் தேசிய உணவே சுட்ட ரொட்டிப்பழமும் பொரித்த மீனும்தான். அடிமைகளின் வழித்தோன்றல்கள் அதனைத் தம் விருப்பத்தால் தமதாக்கிக்கொண்டனர்.

ஸ்மித் பிற்பாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் கல்கத்தா வந்து, அங்கிருந்து மொலுக்காஸ் தீவுகளுக்குச் சென்றார். டச்சுக்காரர்கள் பிறர் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்திருந்த ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளை ஆயிரக்கணக்கில் எடுத்துப் பினாங்குத் தீவில் பயிராக்கினார். பினாங்கிலேயே காலமும் ஆனார். நம் பிரியாணிக்கு மணம் தரும் இவ்விரண்டு சரக்குகளின் ஏகபோகம் உடைந்ததில் ஒரு கியூ தோட்டக்காரரின் மண்வெட்டிக்கும் பங்குண்டு.

பெயர் நிலைப்பது குறித்து இங்கே ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. 8ஆம் நூற்றாண்டில் குர்துபாவில் ஆட்சியமைத்த அமீர் முதலாம் அப்துர் ரஹ்மான், சிரியாவிலிருந்து மாதுளையைத் தருவித்தார். அதன் விதையை முளைக்க வைத்துக் கனி காணச் செய்தவர் ஸபர் என்பவர். அம்மாதுளைக்கு அமீரின் பெயரை இடவில்லை. ‘ஸபரீ’ என்றே உலகம் அழைத்தது. முஸ்லிம் ஸ்பெயினின் தாவரவியலைப் பேசும்போது இப்னுல் பைத்தாரின் பெயரோடு நின்றுவிடுகிறோம், ஸபரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கரையில் கண்ட பாய்க்கப்பல்கள்

படியில் படுத்துத் துளி நக்கிய பிளிண்டர்ஸ், பின்னர் ‘இன்வெஸ்டிகேட்டர்’ கப்பலின் தளபதியாகி 1801ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவைச் சுற்றிவரப் புறப்பட்டார். இயற்கை அறிஞர் ராபர்ட் பிரவுன் (கலகக்காரப் பிரவுன் வேறு), ஓவியர் பாவர் ஆகியோருடன் தோட்டக்காரராகச் சென்றவர் பீட்டர் குட். ஸ்மித்துடன் முன்பு கல்கத்தா வரை சென்று, அங்கிருந்து செடிகளைக் கியூவுக்குக் கொண்டு சேர்த்த அனுபவசாலி. அறிஞர் பிரவுன் இலை, பூ, காய்களை ஆராய, விதை பொறுக்கியதும் கன்று பெயர்த்ததும் பெரும்பாலும் குட்தான்.

1803 பிப்ரவரி 17 அன்று ஆஸ்திரேலியாவின் வட கரையில் அவர்கள் எதிர்பாராத காட்சியொன்றைக் கண்டனர். ஆறு பாய்க்கப்பல்கள் நின்றன. முதலில் கடற்கொள்ளையரோ என அஞ்சினர். பிளிண்டர்ஸின் சமையற்காரர் ஒரு மலாய்க்காரர், அவரே மொழிபெயர்த்தார். வந்தவர்கள் மக்காஸர் பகுதி முஸ்லிம்கள். பொபாஸு என்னும் முதியவர் அவர்களின் தலைவர். கடந்த இருபது ஆண்டுகளில் ஆறேழு முறை இக்கரைக்கு வந்து சென்றவர். அறுபது கப்பல்கள், ஆயிரம் பேர் கொண்ட பெருங்கூட்டத்தின் ஒரு பிரிவே அந்த ஆறு கப்பல்கள். அவர்களிடம் கடல் வரைபடம் இல்லை. சிறியதொரு டச்சுத் திசைகாட்டி மட்டுமே இருந்தது. தண்ணீரை மூங்கில் குழாய்களில் நிரப்பி வைத்திருந்தனர்.

ஆங்கிலப் படகில் பன்றிகளைக் கண்டதும் அவர்கள் பெரிதும் அருவருத்தனர் என்று பிளிண்டர்ஸ் எழுதுகிறார். மதுவை மட்டும் மறுக்கவில்லை என்றும் எழுதுகிறார். முன்னதை எடுத்துச் சொல்லிப் பின்னதை மறைப்பது நேர்மையாகாது என்பதால் இரண்டையும் சொல்லிவிட்டேன்.

அவர்கள் அத்தனை தொலைவு வந்தது கடல் அட்டைக்காக. கீழக்கரை, மண்டபம் பக்கத்து வாசகர்களுக்கு அதனை விளக்க வேண்டியதில்லை. பொறுக்கி, அவித்து, உலர்த்திச் சீன வணிகருக்கு விற்பது அவர்கள் தொழில். மாதக்கணக்கில் கரையில் கொட்டகை போட்டுத் தங்கினர். தங்கள் ஊர்ச் சோற்றுக்குப் புளியும் உடன் கொண்டுவந்தனர்.

குட் அச்சந்திப்புக்குப் பின் நான்கு மாதங்களே வாழ்ந்தார். திமோரில் தொற்றிய வயிற்றுக்கடுப்பு கப்பலைப் பிடித்தது. 1803 ஜூன் 9 அன்று சிட்னித் துறையை அடைந்தனர். ஜூன் 12 அன்று குட் இறந்தார். அவர் வளர்த்த உயிர்ச்செடிகளை ‘போர்ப்பஸ்’ என்ற கப்பலில் இங்கிலாந்துக்கு ஏற்றினர். ஆகஸ்ட் 17 இரவு அக்கப்பல் பவளப் பாறையில் மோதி உடைந்தது. செடிகள் உப்பு நீரில் அழிந்தன. ஆனால் அவர் பொறுக்கி அனுப்பிய விதைகள் கியூவில் முளைத்தன. மஞ்சள் பூப்பூக்கும் ஆஸ்திரேலியப் புதரொன்றுக்கு ‘குடியா’ என்று அவர் பெயரை வைத்தனர். அவருடைய நாட்குறிப்பு நூலாக வெளிவந்தது 1981ஆம் ஆண்டில்தான்.

1830களில் லண்டன் மருத்துவர் வார்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் செடியை அடைத்துத் தண்ணீர் ஊற்றாமலே மாதக்கணக்கில் காக்கும் முறையைக் கண்டறிந்தார். அதன் பிறகு, வாளி சுமக்கும் தோட்டக்காரருக்குக் கப்பலில் வேலை குறைந்துவிட்டது.

மக்காஸர் மாலுமிகள் மட்டும் ஆண்டுதோறும் பருவக்காற்றோடு வந்துகொண்டே இருந்தனர். ஆஸ்திரேலிய அரசு உரிமம் மறுத்ததால் 1907ஆம் ஆண்டு அவ்வரவு நின்றது. அவர்கள் கொட்டகையிட்ட இடங்களில் விழுந்த புளியங்கொட்டைகள் முளைத்து, பருத்த மரங்களாகி நிற்கின்றன. அவ்வட கரையில் வரிசையாக அடுப்புக் கற்களும், அவற்றின் அருகே ஒரு புளிய மரமும் காணப்பட்டால், அங்கே மக்காஸர்காரர்கள் தங்கியிருந்தனர் என்று ஆய்வாளர்கள் முடிவு செய்கின்றனர்.